வெறும் வயிற்றில் ஒரு கரண்டி ஜாம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. என் வீட்டுக்கு ரத்தம் எடுக்க வந்த பெண் சொன்னது. சொல்லும்போது என் முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது வேலைக்கு நடுவே வாயில் வந்த பேச்சு. எனக்கு அது கதை. இந்த வித்தியாசத்தில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

வருஷத்துக்கு ஒருமுறை செய்துகொள்ளும் வழக்கமான பரிசோதனைதான். லேபுக்குப் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்க வேண்டாம், போனில் சொன்னால் வீட்டுக்கே வருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். சொன்னேன். காலையில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் தோளில் ஒரு குளிர்ப்பெட்டி, கையில் ஹெல்மெட், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்.

"வெறும் வயிறுதான சார்?"

வணக்கமெல்லாம் அதற்கப்புறம்தான்.

என்னைப் பற்றி: தனியாக இருப்பவன். மிக்சி, ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி போன்றவற்றோடு வரும் கையேடுகளைத் தமிழில் எழுதுவது பிழைப்பு. 'இந்தச் சாதனத்தைத் தண்ணீரில் மூழ்கடிக்காதீர்கள்' என்று நீங்கள் எங்காவது படித்திருந்தால், அதை எழுதியது நானாக இருக்கலாம். கதைகளும் எழுதுவேன். கையேடுகளுக்கு வாசகர்கள் அதிகம். வீட்டிலேயே வேலை, வீட்டிலேயே சாப்பாடு. அவள் என் கையைப் பிடித்து நரம்பு தேடியபோது, இன்னொரு மனிதக் கை என் மேல் பட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். [இந்த வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பரிதாபம் கேட்கிற மாதிரி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.]

"கை சுத்தமா இருக்கு," என்றாள், பாராட்டுகிற மாதிரி.

"எல்லார் கையும் அப்படித்தான இருக்கும்?"

"எங்க? ஒரு வயசான அப்பா வீட்டுக்குப் போவேன். அவர் கையைப் பிடிச்சா ஒட்டும்."

"என்ன ஒட்டும்?"

"ஜாம்."

"சாப்பிடாமதான ரத்தம் குடுக்கணும்?"

"அதைத்தான் சொல்றேன்." பஞ்சின் மேல் பிளாஸ்டரை ஒட்டினாள். "கொஞ்ச நேரம் கையை மடிச்சே வெச்சிருங்க. வர்றேன் சார்."

போய்விட்டாள். நான் மடித்த கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

2

அன்று மத்தியானமே தொடங்கிவிட்டேன்.

'பெரியவர் ஜாம் பாட்டிலின் மூடியைத் திருகியபோது ஊரே உறங்கிக்கொண்டிருந்தது.' ஊர் உறங்கினால் என்ன, விழித்திருந்தால் என்ன? அடித்தேன்.

'ரத்தம் பொய் சொல்லாது. ஆனால்' என்று அடுத்தது. இந்த ஆனாலுக்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. முதல் வரியிலேயே தத்துவம் பேசும் கதையை நானே படிக்க மாட்டேன்.

'அவருக்கு இனிப்பு என்றால் உயிர்.' இது கொஞ்ச தூரம் ஓடியது. அப்புறம் முட்டிக்கொண்டது. இனிப்பு உயிர் என்றால், ஊசி குத்தி முடிந்து அவள் படி இறங்கியதும் பாட்டிலையே காலி செய்யலாமே. யார் கேட்கப் போகிறார்கள்? அவள் வருவதற்கு முன்னால் ஏன்? அவசர அவசரமாக, கையைக்கூடக் கழுவாமல்?

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தாள். ஆகவே, சில வாரம் பொறுத்து, இன்னொரு பரிசோதனைக்குச் சொன்னேன். தைராய்டு. என் தைராய்டுக்கு ஒரு கேடும் இல்லை. "போன தடவை வந்தவங்களையே அனுப்புங்க, வலிக்காம எடுத்தாங்க," என்றேன். அது மட்டும் உண்மை.

3

"உங்க ஜாம் அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டேன், கையை நீட்டிக்கொண்டே.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜாம் அப்பாவா? நல்லா வெச்சீங்க பேரு. அவர் நிஜப் பேரெல்லாம் சொல்ல மாட்டேன் சார், எங்க வேலையில அது கூடாது." பிறகு ரப்பர் பட்டையைக் கட்டியபடி, "அவர் எனக்கும் ஒரு பேரு வெச்சிருக்கார். டாக்டரம்மா. நான் டாக்டர் இல்லப்பான்னு எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டார்."

ஆகவே இந்தக் கதையில் அவள் டாக்டரம்மா, அவர் ஜாம் அப்பா. இனி அவள் சொன்னதை என் நடையில் சொல்கிறேன்.

ஜாம் அப்பா வேலை செய்த காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவர். குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. [இது நான் இட்டுக்கட்டியது அல்ல. இட்டுக்கட்டியிருந்தால் இவ்வளவு அப்பட்டமாகச் செய்திருக்க மாட்டேன்.] மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் வெகுதூரத்தில், ஒரு விமான நிலையத்தில், பெட்டி தொலைத்தவர்களுக்குப் பதில் சொல்லும் மேசையில் வேலை பார்க்கிறாள். இவருக்கு விடியும்போது அவளுக்குப் பொழுது அடையும்.

அவருக்கு லேசாகச் சர்க்கரை உண்டு, அதற்கு ஒரு மாத்திரை. பரிசோதனைக்குப் பதிவு செய்வது மகள். மாதாமாதம். ரிப்போர்ட் போவதும் மகளின் போனுக்குத்தான். தன் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை அவர் மகள் சொல்லித்தான் தெரிந்துகொள்வார். 'எல்லாம் நார்மல்பா' என்று ஒரு வரி வரும், பக்கத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம். அவ்வளவுதான். அவரும் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்புவார். அடுத்த மாதம் வரை வீட்டில் சத்தம் இருக்காது.

ஒருமுறை மறதியாக, டாக்டரம்மா வரும் நாள் என்று நினைவில்லாமல், காலையில் ரொட்டியில் ஜாம் தடவிச் சாப்பிட்டுவிட்டார். கதவைத் திறந்ததும்தான் ஞாபகம் வந்தது. சொன்னால் இந்தப் பெண் மறுபடி மூன்று மாடி ஏற வேண்டியிருக்குமே என்று நினைத்துச் சொல்லாமல் இருந்துவிட்டார். சர்க்கரை எகிறிக் காட்டியது.

அன்று சாயங்காலம் மகள் போனில் வந்தாள். முகம் தெரிகிற மாதிரி.

"ரொம்ப நேரம் பேசினா டாக்டரம்மா," என்று அடுத்த தடவை அவர் சொன்னாராம். "என்ன சாப்பிட்டேன், எவ்வளவு தூரம் நடக்கறேன், எல்லாம் கேட்டா. கால் விரலை ஒவ்வொண்ணா கேமராவுல காட்டச் சொன்னா. நகம் வெட்டலைன்னு திட்டினா. நடுவுல அவளும் சாப்பிட்டுக்கிட்டேதான் பேசினா. மெல்லற சத்தம்கூடக் கேட்டுது எனக்கு."

இதைச் சொல்லிவிட்டு அவர் கையை நீட்டினார். டாக்டரம்மா பிடித்தாள். ஒட்டியது.

4

மகளை எழுதுவது சுலபமாக இருந்தது. சுலபமாக இருந்தாலே எனக்குச் சந்தேகம் வரும்.

'கண்ணாடிச் சுவர் வைத்த வீடு. ஒரு கையில் காபி. இன்னொரு கையின் கட்டைவிரலால் அப்பாவின் எண்களை மேலே தள்ளிவிட்டு அவள்'

நிறுத்தினேன். தூர தேசத்தில் இருக்கும் பிள்ளை என்றால் கண்ணாடிச் சுவரும் கல்நெஞ்சும் கடையில் ஜோடியாகக் கிடைக்கின்றன போலிருக்கிறது. நாம் வாங்கி மாட்டிவிட்டால் போதும். பெட்டி தொலைத்தவர்கள் நாள் முழுக்க முகத்துக்கு நேரே கத்துகிற மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கண்ணாடிச் சுவர் வீடு எங்கிருந்து வரும்? அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடவில்லை. ஓரமாக வைத்தேன். வேறு மகள் கிடைக்காவிட்டால் இவளையே வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று.

(மருத்துவம் தெரிந்தவர்கள் இங்கே ஒன்று கேட்பார்கள்: ஒருநாள் ஜாமுக்கெல்லாம் ஏமாறாத, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை இருக்கிறதே? இருக்கிறது. மகள் எடுத்த தொகுப்பில் அது இல்லை என்று டாக்டரம்மா சொன்னாள். நான் நம்பினேன். கதைக்கு வசதியான இடத்தில் எதையும் நம்பிவிடுவேன்.)

5

"தெரிஞ்சும் நீங்க ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

ஊசியை உருவி, பஞ்சை வைத்து, என் விரலையே எடுத்து அதன்மேல் வைத்து அழுத்தச் சொன்னாள். டியூபில் பெயர் ஒட்டினாள்.

"கேட்டேன் சார். 'சாப்பிட்டீங்களாப்பா?'ன்னு கேட்டேன். 'இல்லம்மா'ன்னார். 'கை ஒட்டுதேப்பா'ன்னேன். 'சோப்பு சரியாப் போகல'ன்னார். ஸ்ட்ராபெரி வாசனை வர்ற சோப்பு நான் பார்த்ததே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? எடுத்துட்டேன். சாப்பிட்டிருந்தா எடுக்கக் கூடாது, திரும்பி வந்துடணும், அதான் ரூல். வெறும் கையோட திரும்பினா லேப்ல ஆயிரம் கேள்வி. அடுத்த வீட்டுக்காரங்க வேற பட்டினியா உட்கார்ந்திருப்பாங்க." டியூபைப் பெட்டிக்குள் வைத்தாள். "அதுவும் இல்ல சார். அவர் கையை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்த விதம். பரீட்சை எழுதின புள்ள மாதிரி. எனக்கு மனசு வரல."

அதற்கடுத்த மாதமும் எடுத்தாள். மறுபடி அதிகம். இந்தத் தடவை மகள் பதறிப்போய், போனிலேயே ஆலோசனை சொல்கிற ஒரு டாக்டரைப் பிடித்தாள். டாக்டர் எண்ணைப் பார்த்தார், மாத்திரையைக் கூட்டினார். ஜாம் அப்பா ஒரு வாரம் பூரித்துப்போய் இருந்தாராம். மகள் தினமும் கூப்பிட்டு 'மாத்திரை போட்டீங்களா' என்று கேட்டாளாம்.

"இல்லாத சர்க்கரைக்கு மாத்திரை போட்டா என்ன ஆகும்?" என்றேன்.

"இருக்கற சர்க்கரையும் இறங்கிடும். அதான் எனக்கு பயமா இருக்கு," என்றாள். அவள் போன் அடித்தது. அடுத்த வீடு. எழுந்து போய்விட்டாள்.

6

பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு நான் என்ன செய்தேன்? உட்கார்ந்து முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று: டாக்டரம்மா மணியை அடிக்கிறாள், கதவு திறக்கவில்லை. இதை எழுதி முடித்ததும் நன்றாக இருந்தது. எழுதிய கை எனக்கே பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்குகிறாள். அவள் பெட்டி வழியில் தொலைந்துவிடுகிறது. இந்த வேடிக்கைக்காக மட்டும் அந்த முடிவைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். ஆனால் ஒருத்தி வேலையை விட்டுவிட்டு அப்பாவோடு வந்து தங்கிவிடுவது எழுதுகிறவனுக்குத்தான் ஒரு வரி.

முடிவு மூன்று: டாக்டரம்மாவே அவருக்கு ஒரு மகளாகி

இல்லை. ஒரு பெண் ஒரு வீட்டுக்குள் நுழைந்து இரக்கம் காட்டினால் உடனே அவளை அந்த வீட்டு மகளாக்கிவிடும் பழக்கத்தை நாம் விட வேண்டும். அவளுக்கு அடுத்த வீடு இருக்கிறது.

மூன்றையும் மேசை மேல் பரப்பி வைத்துக்கொண்டு பல நாள் உட்கார்ந்திருந்தேன். அந்த நாள்களில் ஒன்றில், ஊரின் இன்னொரு பக்கத்தில், அது நடந்துவிட்டது.

7

மூன்றாவது முறை வைட்டமின் பார்க்க வேண்டும் என்று பதிவு செய்திருந்தேன். டாக்டரம்மா வந்தாள். குளிர்ப்பெட்டியைத் தரையில் வைத்தாள். ரப்பர் பட்டையைக் கையில் எடுத்தவள் கட்டாமல் நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாமா சார்? முதல்ல எல்லாம் பார்த்தோம். அப்புறம் தைராய்டு. இப்போ வைட்டமின். எல்லாம் நல்லாத்தான இருக்கு? யார் எழுதிக் குடுத்தா இதை?"

"யாரும் இல்ல. நானாத்தான்..." தடுமாறினேன். "அந்த அப்பா கதை பாதியில நின்னுபோச்சு. மீதியைக் கேக்கலாம்னு."

"கதை வேணும்னா ஒரு டீ போட்டுக் குடுத்துக் கேளுங்க. ரத்தம் எதுக்கு?"

'சிரித்தாள்' என்று முதலில் எழுதியிருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்த மனுஷன் செத்துப் பொழைச்சிருக்கார் சார். உங்களுக்கு இது கதையா?"

அடுப்படிக்குப் போய் டீ போட்டேன். அவள் ரத்தம் எடுக்கவில்லை. டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு, என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் ரத்தம் எடுக்கப் போகவேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி ஜாம் அப்பாவுக்குப் பசியில்லை. சாப்பிடாமல், கூட்டிக் கொடுத்த மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். மகளிடம் போட்டேன் என்று சொல்ல வேண்டுமே. காலையில் டாக்டரம்மா மணியை அடித்தாள். நேரமாகியும் ஆள் வரவில்லை. உள்ளே ஏதோ உராய்கிற சத்தம். பிறகு தாழ்ப்பாளோடு யாரோ மல்லுக்கட்டுகிற சத்தம். கதவு திறந்தது. திறந்தவர் அப்படியே கதவைப் பிடித்தபடி சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உடம்பு முழுக்க நடுக்கம். அவளைப் பார்த்து ஏதோ சொன்னார், வார்த்தை குழறியது. மடியில் ஒரு புது ஜாம் பாட்டில். மூடியைத் திறக்க முடியவில்லை. எவ்வளவு நேரமாகத் திருகிக்கொண்டிருந்தாரோ, உள்ளங்கை சிவந்திருந்தது.

"அப்பா, என்னைப் பாருங்க. தூங்கக் கூடாது. கண்ணைத் திறங்க," என்று சொல்லிக்கொண்டே பாட்டிலைப் பிடுங்கினாள். அவளுக்கும் திறக்க வரவில்லை. துப்பட்டா முனையைச் சுற்றித் திருகினாள். வழுக்கியது. நிலைப்படியில் மூடியின் விளிம்பைத் தட்டினாள், ஒன்று, இன்னொன்று, ஓங்கி. மூடி இளகியது. கரண்டி தேட நேரமில்லை. கையுறை போட்ட விரலால் ஜாமைத் தோண்டி அவர் கன்னத்துக்கு உள்பக்கம் தடவினாள்.

"விழுங்குங்கப்பா. நல்லா. இன்னும் கொஞ்சம்."

அவர் குழந்தை மாதிரி அவள் விரலைச் சப்பினார். கீழ் வீட்டுக்காரரைக் கூப்பிடலாம் என்றால், ஏறி வரும்போதே அந்த வீடு பூட்டியிருந்தது. தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் முதுகைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஊட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் அடங்கியது. முகத்தில் ரத்தம் திரும்பியது. சுற்றிப் பார்த்தார். திறந்த கதவு, தரையெல்லாம் ஜாம், தன் சட்டையில் ஜாம்.

அவர் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை:

"என் பொண்ணுகிட்ட சொல்லிடாதம்மா."

8

"சொன்னீங்களா?"

"ரொட்டி குடுத்துப் படுக்க வெச்சேன். ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்னேன், கையெடுத்துக் கும்பிட்டார், வேண்டாம்னு. சரி, கொஞ்ச நேரம் பார்த்தேன், தெளிஞ்சுட்டார். கீழ போறேன், வந்துடறேன்னு சொல்லிட்டுப் படிக்கட்டுல வந்து உட்கார்ந்தேன் சார். சொன்னா என் வேலை போகும். தெரிஞ்சே எடுத்திருக்கேன்ல. சொல்லலைன்னா அன்னைக்கு ராத்திரியும் அதே மாத்திரைதான். பொண்ணுக்குப் போன் பண்ணிட்டேன்."

மகள் எடுத்தாள். பின்னால் விமான அறிவிப்புகளும் யாரோ ஒருவர் உரக்கக் கத்துவதும் கேட்டன. டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. உங்க அப்பா ஜாம் சாப்பிட்டுட்டுதான் ரத்தம் குடுக்கறார். எனக்குத் தெரியும், தெரிஞ்சும் எடுத்தேன். இன்னைக்கு லோ சுகர் ஆகி விழுந்துட்டார், இப்ப பரவாயில்ல. மாத்திரையைக் குறைக்கச் சொல்லுங்க.

"எதுக்கு சிஸ்டர் ஜாம் சாப்பிடறார்?" என்று கேட்டாள் மகள்.

"ரிப்போர்ட் மோசமா வந்தாத்தான் நீங்க கூப்பிடுவீங்கன்னு."

அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தவரிடம் மகள் "ஒரு நிமிஷம் சார்," என்றாள். நாற்காலி நகர்ந்தது. ஒரு கதவு மூடியது. அறிவிப்புச் சத்தம் அடங்கியது.

மகள் சொன்னதை டாக்டரம்மா கிட்டத்தட்ட அப்படியே சொன்னாள். நானும் கை வைக்காமல் தருகிறேன்:

"அம்மா இருந்தவரைக்கும் போன் அம்மா கையிலதான் சிஸ்டர் இருக்கும். அப்பா பின்னாடி நின்னு, 'சாப்பிட்டாளான்னு கேளு, ராத்திரி டூட்டியான்னு கேளு'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பார். நானும் 'அப்பா முட்டி வலி எப்படி இருக்குன்னு கேளும்மா'ன்னுதான் கேப்பேன். நாங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்கிட்டதே இல்ல. அம்மா போனப்புறம் நான் கூப்பிட்டா, எடுத்ததும் 'நல்லாயிருக்கேன், நீ வேலையைப் பாரு, வேற ஒண்ணுமில்லையே'ன்னு வெச்சிடுவார். எனக்கும் என்ன கேக்கறதுன்னு தெரியல. டாக்டர் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் போதும்னுதான் சொன்னார். நான்தான் மாசாமாசம் புக் பண்றேன். ரிப்போர்ட் வந்தா கேக்க ஏதாவது இருக்குமேன்னு. நார்மல்னு வந்தா சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா கேக்க ஒண்ணும் இருக்காது."

பிறகு இன்னும் ஒன்று சொன்னாள்: "எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அப்பாகிட்ட சொல்லாதீங்க சிஸ்டர். வெக்கப்படுவார்."

டாக்டரம்மா காலி டம்ளரைக் கீழே வைத்தாள். "அவர், பொண்ணுகிட்ட சொல்லாதேங்கறார். பொண்ணு, அவர்கிட்ட சொல்லாதீங்கங்கறாங்க. ரெண்டு பக்கமும் வாயைக் கட்டினா நான் எங்க சார் போய்க் கொட்டறது? அதான் உங்ககிட்ட கொட்டிட்டேன். எழுதறதுன்னா எழுதுங்க. ஆனா அவரைக் கேலி பண்ணி எழுதாதீங்க."

அவள் போன பிறகு, ஓரமாக வைத்திருந்த மகளை, கண்ணாடிச் சுவரும் காபியுமாக, எடுத்துக் கிழித்தேன். மூன்று முடிவுகளையும் கிழித்தேன். மேசை காலியானதும் வீடு இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

9

இன்று மத்தியானம் மணி அடித்தது. நான் எதற்கும் பதிவு செய்திருக்கவில்லை.

டாக்டரம்மா. குளிர்ப்பெட்டி இல்லை. "வேலை முடிஞ்சுது. டீ இருக்கா சார்?"

அடுப்படிக்குப் போகும்போது என் முகத்தில் என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. நல்லவேளை, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வேலையும் இல்லாமல் ஒருவர் இந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்து

[இதையும் விட்டுவிடுகிறேன். கதை என்னைப் பற்றியது இல்லை.]

நடந்ததை அவளே லேபில் சொல்லிவிட்டாளாம். சில நாள் வீட்டில் உட்கார வைத்தார்கள், பிறகு கூப்பிட்டுக்கொண்டார்கள். மகள் டாக்டரிடம் பேசி மாத்திரையைக் குறைத்தாள். அப்பாவிடம் 'டாக்டர் மாத்திரையை மாத்திட்டார்' என்று மட்டும் சொன்னாள். விழுந்த பிறகு ஜாம் அப்பாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பாட்டில்களைக் குப்பையில் போட்டுவிட்டார். இன்று காலை உண்மையாகவே வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார். கை ஒட்டவில்லை.

"பார்த்தாலே தெரியுது சார், இந்தத் தடவை நார்மலாத்தான் வரும்," என்றாள். "அவருக்கும் தெரிஞ்சிருக்கு. நான் பையை மூடும்போது கேட்டார். மெதுவாத்தான் கேட்டார். 'எல்லாம் நார்மல்னு வந்துட்டா, என்னம்மா பேசறது?'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு என்ன தெரியும்? 'நீங்களே முதல்ல போன் பண்ணுங்கப்பா'ன்னேன். 'பண்ணி?'ன்னார். அந்த 'பண்ணி'க்கு எனக்குப் பதில் தெரியல. அதான் நேரா இங்க வந்தேன். நீங்க எழுதறவராச்சே. ஒரு வரி சொல்லுங்க. முதல் வரி மட்டும். போன் பண்ணி அவர்கிட்ட சொல்லிடறேன். சாயங்காலம் ரிப்போர்ட் போயிடும், அதுக்குள்ள."

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு அவசரமாக ஒரு வாக்கியம் கேட்டதில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தன் போன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்போதிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

'எப்படிம்மா இருக்கே?' நல்லாயிருக்கேன்பா. முடிந்தது.

'அங்க மழையா?' இல்லப்பா. முடிந்தது.

'உங்கம்மா இருந்திருந்தா இந்நேரம்' வேண்டாம். இரண்டு பேரும் அழுவார்கள், பேச மாட்டார்கள்.

'உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா, நான் அந்த ஜாமை' இது ஒருநாள் வரும். வர வேண்டும். ஆனால் இது முதல் வரி அல்ல; பத்தாவது வரியோ நூறாவது வரியோ.

'சும்மாதான் கூப்பிட்டேன்.' இதை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் யாரையாவது கூப்பிட்டால் சொல்ல ஆசைப்படுகிற வரி இது. அவருடையதா என்று தெரியவில்லை. மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் வாயில் 'சும்மா' வருமா? மனைவி தோளுக்குப் பின்னால் நின்று கேள்வி மட்டும் எடுத்துக்கொடுத்துப் பழகியவர் அவர்.

டாக்டரம்மாவிடமிருந்து செய்தி வந்துவிட்டது: 'சார், வரி?'

என்னால் முடியவில்லை. இதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. இத்தனை வருஷம் தனியாகவே இருந்துவிட்ட ஒருவனிடம் கேட்டிருக்கக் கூடாத வரி அது. உங்களிடம் தருகிறேன். உங்களுக்கு அப்பா இருக்கலாம், மகள் இருக்கலாம், இரண்டும் இல்லாமல் போனில் ஒரு எண் மட்டும் இருக்கலாம். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

ரிப்போர்ட் போய்விட்டது. எல்லாம் நார்மல். அவர் போனைக் கையில் எடுத்துவிட்டார். அங்கே அடிக்கிறது. அவள் எடுத்துவிட்டாள், "அப்பா?" என்கிறாள்.

.....................................................................

பெரிய வரியாக இருக்க வேண்டியதில்லை. அவள் அதற்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருந்தால் போதும்.